வளவுப் புகையும் வளரும் சுவாசப்பையும்

தை மாதத்து விடியற்காலையில், பனி இன்னும் விலகாத நேரத்தில், யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளால் நடந்து போகிறவர்கள் அன்றாடம் காணும் காட்சி ஒன்று உண்டு. வளவைக் கூட்டி ஒதுக்கிய மாவிலையும் பலாவிலையும் தென்னஞ்சருகும் வேலியோரத்தில் குவிக்கப்பட்டு, அடியில் ஒரு கொள்ளி வைக்கப்பட்டிருக்கும். இரவுப் பனியில் நனைந்த சருகு ஆதலால் அது சுவாலை விட்டு எரியாது. வெண்மையும் மஞ்சளும் கலந்த தடித்த புகையாகவே கசியும். அந்தப் புகை மேலே போவதில்லை. மதிலின் உயரத்தைக்கூட எட்டாமல், முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் இடையில் ஒரு படலமாகப் பரந்து, ஒழுங்கை நெடுகிலும் படுத்துக் கிடக்கும். வளர்ந்த ஒருவருக்கு நெஞ்சளவு என்பது ஆறு வயதுப் பிள்ளைக்கு மூக்களவு.

புகை இப்படிப் படுத்துக் கிடப்பதற்குக் காரணம் இருக்கிறது. பகலில் சூடேறிய நிலம் தன்னை ஒட்டிய காற்றையும் சூடாக்குவதால், அக்காற்று மேலெழும்போது புகையையும் தன்னோடு எடுத்துச் செல்கிறது. மேகமற்ற பனிக்கால இரவிலோ நிலம் விரைவாகக் குளிர்ந்துவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகவும், அதற்கு மேலுள்ள காற்று ஓரளவு சூடாகவும் அமைந்து, பானைக்கு மூடி போட்டதுபோல ஆகிவிடுகிறது. வெயில் ஏறி அந்த மூடி கலையும் வரை, அதற்குக் கீழே நாம் விடும் எதுவும் அங்கேயே தங்கும். சருகு எரிப்பதும், விறகடுப்பு மூட்டுவதும், முதல் பஸ் புறப்படுவதும், பிள்ளைகள் ஐந்தரை மணி ரியூசனுக்குச் சைக்கிள் மிதிப்பதும் இந்த மூடிக்குக் கீழேதான் நடக்கின்றன.

வளி மாசு என்றதும் நம் மனதில் எழுவது டெல்லியின் தெருக்கள் அல்லது கொழும்பின் வாகன நெரிசல். குடாநாட்டில் பெரிய ஆலைகள் இல்லை. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் 1990இல் போரோடு நின்றுபோனது. மூன்று பக்கமும் கடல். ஆகவே நமது காற்று சுத்தமானது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. இந்த எண்ணம் அரைவாசிதான் சரி. ஒரு பிள்ளையின் சுவாசப்பையைப் பொறுத்தவரை, புகை எவ்வளவு பெரிய இடத்திலிருந்து வருகிறது என்பதைவிட, எவ்வளவு அண்மையில், எந்த வயதில், எந்த நேரத்தில் அதன் மூக்கை வந்தடைகிறது என்பதே முக்கியம். அந்த அளவுகோலால் பார்த்தால், வளவு மூலையில் கசியும் குவியல் தூரத்து ஆலைக்குச் சற்றும் குறைந்ததல்ல.

பிள்ளையின் சுவாசப்பை வளர்ந்தவரின் சுவாசப்பையின் சிறிய பிரதி அல்ல என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். அது இன்னும் கட்டப்பட்டுக்கொண்டிருக்கும் வீடு. மூக்கால் உள்ளே போகும் காற்று வாதனாளியைக் கடந்து, இரண்டாகவும் நான்காகவும் கிளை பிரிந்துகொண்டே போகும் குழாய்கள் வழியே, கடைசியில் சிற்றறைகள் என்னும் மெல்லிய பைகளை அடைகிறது. ஒட்சிசன் குருதிக்குள் போவதும் காபனீரொட்சைட்டு வெளியேறுவதும் அங்கேதான். வளர்ந்த ஒருவரிடம் இத்தகைய சிற்றறைகள் 30 கோடிக்கு மேல் இருக்கின்றன. அவற்றின் சுவர்களையெல்லாம் விரித்துப் பரப்பினால் ஏறத்தாழ 70 சதுர மீற்றர் வரும். பிறந்த குழந்தையிடம் இருப்பது அவற்றில் ஒரு சிறு பங்குதான். மிகுதியில் பெரும்பகுதி முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் புதிதாக அரும்புகிறது. அதற்குப் பின்னரும் சுவாசப்பை உடலோடு சேர்ந்து வளர்ந்து, இருபது வயதை ஒட்டியே தன் உச்சக் கொள்ளளவை எட்டுகிறது.

அந்த உச்சத்தை எட்டிய பிறகு, புகை பிடிக்காத சுகதேகியாக இருந்தாலும், வயதோடு கொள்ளளவு மெல்ல மெல்லக் குறையத் தொடங்கும். அது இயற்கை. ஆனால் எந்த உயரத்திலிருந்து இறங்கத் தொடங்குகிறோம் என்பதைச் சிறுபிராயம் தீர்மானிக்கிறது. நாட்பட்ட சுவாசத் தடை நோயுள்ளவர்களில் ஏறத்தாழ அரைவாசிப்பேர், வேகமாக இறங்கியதால் அல்ல, இளமையிலேயே உரிய உயரத்தை எட்டாததால்தான் அந்த நோய்க்கு ஆளாகிறார்கள் என்பதை 2015இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அறுபது வயதில் கோயில் வீதியைச் சுற்றி வர மூச்சு வாங்கும் ஒருவரின் துன்பத்துக்கு, அவர் தவழ்ந்த காலத்துக் குசினியும் ஒரு காரணமாக இருக்கக்கூடும் என்பதே இதன் பொருள்.

பிள்ளை மூச்சு விடும் விதமும் வேறு. வளர்ந்தவர் ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 16 தடவை மூச்செடுக்கிறார். பிறந்த குழந்தை ஏறத்தாழ 40 தடவை எடுக்கிறது. உடல் நிறையோடு ஒப்பிட்டால் பிள்ளை உள்ளே இழுக்கும் காற்று வளர்ந்தவரைவிட மிக அதிகம். காற்றில் எது கலந்திருக்கிறதோ அதுவும் அதே அளவுக்கு அதிகமாக உள்ளே போகிறது. பிள்ளைகள் ஓடி விளையாடுவார்கள், விளையாடும்போது வாயால் மூச்சு விடுவார்கள்; வாய் வழியே போகும் காற்றுக்கு மூக்கின் வடிகட்டல் கிடைப்பதில்லை.

குழாய்களின் அகலமும் கணக்கில் வரவேண்டும். 8 மில்லிமீற்றர் விட்டமுள்ள குழாயொன்றின் உட்சுவர் சுற்றிவர 1 மில்லிமீற்றர் வீங்கினால் வழி 6 மில்லிமீற்றராகும். 4 மில்லிமீற்றர் விட்டமுள்ள குழந்தையின் குழாய் அதே அளவு வீங்கினால் வழி 2 மில்லிமீற்றராகிவிடும். சீரான ஓட்டத்தில் தடை என்பது ஆரை குறையக் குறைய அதன் நான்காம் அடுக்குக்கு நேர்மாறாகக் கூடுவதால், முதலாவதில் தடை ஏறத்தாழ மூன்று மடங்காக, இரண்டாவதில் பதினாறு மடங்காகிறது. தகப்பனுக்கு ஒரு செருமலோடு போகும் புகை, மடியிலிருக்கும் குழந்தைக்கு இரவு முழுவதும் நெஞ்சு இழுக்கும் நோயாக மாறுவது இதனால்தான்.

புகையில் என்னதான் இருக்கிறது? கண்ணைக் கரிக்கும் வாயுக்கள், காபனோரொட்சைட்டு, நைதரசனீரொட்சைட்டு என்பன ஒருபுறம். மறுபுறம் துணிக்கைகள். இவற்றில் மருத்துவர்கள் அதிகம் அஞ்சுவது 2.5 மைக்ரோமீற்றரோ அதைவிடச் சிறியனவோ ஆன நுண்துணிக்கைகளுக்குத்தான். ஒரு தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோமீற்றர் என்றால், அதன் குறுக்கே இவற்றில் இருபத்தைந்துக்கு மேல் வரிசையாக வைக்கலாம். வீதியில் பறக்கும் செம்மண் புழுதியின் பெரும்பகுதி மூக்கு மயிரிலும் தொண்டைச் சீதத்திலும் ஒட்டிக்கொள்ளும். குழாய்ச் சுவரிலுள்ள பிசிர்கள் அவற்றை மெல்ல மேலே தள்ளிவிடும், நாம் செருமித் துப்பிவிடுவோம். நுண்துணிக்கைகளோ சிற்றறை வரை போய்த் தங்குகின்றன. அங்கே காவலிருக்கும் விழுங்கு கலங்கள் அவற்றை விழுங்க முயலும்போது அழற்சி உண்டாகிறது. மிக நுண்ணியவை சிற்றறைச் சுவரைக் கடந்து குருதிக்குள்ளும் சேர்கின்றன. தொடர்ந்த புகை பிசிர்களின் அசைவையே மந்தமாக்குவதால், கிருமிகளை வெளியே தள்ளும் வேலையும் தடைப்படுகிறது. புகை சூழ்ந்த வீட்டுக் குழந்தைகளுக்குச் சளியும் நியூமோனியாவும் அடிக்கடி வருவதற்கு இது ஒரு காரணம்.

எங்கள் ஊரில் தொய்வு என்றும் முட்டு என்றும் சொல்லப்படும் ஆஸ்துமாவில் நடப்பது சற்று வேறானது. அங்கே குழாய்ச் சுவர்கள் ஏற்கெனவே அழற்சியுற்று, சிறு தூண்டுதலுக்கும் சுருங்கும் நிலையில் இருக்கின்றன. புகை, குளிர்காற்று, வைரசுச் சளி, ஒட்டடை, பூந்தாது என்பவற்றில் ஏதாவது ஒன்று பட்டால் போதும். சுவரைச் சுற்றியுள்ள தசைகள் இறுக, உட்புறம் வீங்க, சீதம் கட்டிபட, மூன்றும் சேர்ந்து வழியை அடைத்துவிடுகின்றன. தொய்வு பரம்பரை வியாதி, அதற்கு என்ன செய்யலாம் என்று கைவிரிப்பவர்கள் உண்டு. பரம்பரைக்குப் பங்கு இருப்பது உண்மை. ஆனால் நோயைத் தூண்டுவதில் வளி மாசுக்குள்ள பங்கும், வாகனப் புகை மிகுந்த வீதிகளின் அருகே வளரும் பிள்ளைகளிடம் அது புதிதாகத் தோன்றுவதும், பல நாடுகளின் ஆய்வுகளில் பதிவாகியிருக்கின்றன. இலண்டனில் நெரிசலான வீதியொன்றின் அருகே வாழ்ந்து, கடும் ஆஸ்துமாவால் 2013இல் ஒன்பது வயதில் இறந்த எல்லா கிஸ்ஸி டெப்ரா என்ற சிறுமியின் மரணத்துக்கு வளி மாசும் ஒரு காரணம் என்று 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். அச்சிறுமியின் தாய் ஆண்டுக்கணக்காகப் போராடிப் பெற்ற தீர்ப்பு அது.

புகை சுவாசப்பையின் வளர்ச்சியையே குறைக்கிறது என்பதற்கான மிகத் தெளிவான சான்று தென் கலிபோர்னியாவிலிருந்து வந்தது. 1990களின் தொடக்கத்தில் அங்கே பன்னிரண்டு ஊர்களின் பாடசாலைப் பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து, பத்து வயதிலிருந்து பதினெட்டு வயது வரை ஒவ்வோர் ஆண்டும் ஒரு குழாயில் ஊதச் செய்து, முதல் ஒரு செக்கனில் எவ்வளவு காற்றை வெளியேற்ற முடிகிறது என்று அளந்தார்கள். 2004இல் முடிவு வெளியானது. பதினெட்டு வயதில் இருக்கவேண்டிய அளவின் 80 வீதத்துக்கும் குறைவாக ஊதியவர்கள், நுண்துணிக்கை மிகக் குறைந்த ஊரில் 1.6 வீதம், மிகக் கூடிய ஊரில் 7.9 வீதம். ஏறத்தாழ ஐந்து மடங்கு. இவர்கள் நோயாளிகள் என்று அடையாளம் காணப்பட்டவர்கள் அல்லர், சாதாரணமாகப் பாடசாலைக்குப் போய் வந்த பிள்ளைகள் என்பதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. இருமலும் இல்லாமல் முட்டும் இல்லாமல் ஒரு பிள்ளையின் சுவாசப்பை சிறுத்துப்போகலாம். தாய்க்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது.

அதே ஆய்வுக் குழுவினர் சட்டங்கள் இறுகிக் காற்று தெளிந்த பிறகு வளர்ந்த பிள்ளைகளையும் அளந்தார்கள். ஐந்து ஊர்களில், வெவ்வேறு காலத்தில் வளர்ந்த மூன்று தொகுதிப் பிள்ளைகளை ஒப்பிட்டபோது, பதினைந்து வயதில் குறைந்த அளவே ஊதக்கூடியவர்களின் பங்கு 7.9 வீதத்திலிருந்து 6.3ஆகி, பின்னர் 3.6ஆகக் குறைந்திருந்தது. 2015இல் வந்த இந்த முடிவு, காற்றைத் திருத்தினால் சுவாசப்பையும் திருந்தும் என்பதற்கு அளந்து பெற்ற சான்று.

இனி நமது குடாநாட்டுக் காற்று. இங்கே காற்றுக்கு ஒரு பஞ்சாங்கம் உண்டு என்பதைக் கடற்றொழிலாளர்கள் நன்கறிவார்கள். வைகாசி தொட்டு ஆவணி, புரட்டாதி வரை வீசும் சோளகம் பலமானது. புழுதியை எழுப்பினாலும் புகையை நிற்கவிடாமல் கடலுக்கு அடித்துச் செல்லும். ஐப்பசிக்குப் பின் திரும்பும் வாடை வேறு குணமுடையது. அது வடக்கிலிருந்து, இந்தியப் பெருநிலத்தின் மீதும் வங்காள விரிகுடாவின் மீதும் கடந்து வருகிறது. வட இந்தியச் சமவெளியின் பனிக்காலப் புகை கடல் மேல் பரந்து தெற்கே இறங்குவதை, 1999இல் பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து நடத்திய இந்து சமுத்திரப் பரிசோதனையில் விமானங்களாலும் கப்பல்களாலும் அளந்து பதிவு செய்தார்கள். மழை பெய்யும் நாட்களில் காற்று கழுவப்படும். மழை ஓய்ந்து, காற்றும் ஓய்ந்து, பனி இறங்கும் மார்கழிக் கடைசியும் தையும் மாசியும்தான் மோசமானவை.

2022 டிசம்பரை யாழ்ப்பாணத்தவர் மறந்திருக்க மாட்டார்கள். வங்கக் கடலில் மாண்டஸ் புயல் சுழன்றுகொண்டிருந்த அந்த நாட்களில் வானம் சாம்பல் பூத்துக் கிடந்தது. வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் குளிர் தாங்காமல் விழுந்து இறந்தன. அயல் நாட்டிலிருந்து மாசடைந்த காற்று புயலோடு இழுபட்டு வந்திருப்பதாகத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் அறிவித்தது. டிசம்பர் 9ஆந் திகதி நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. காற்றைக் காரணம் காட்டிப் பாடசாலை மூடப்படும் நிலை நம்மில் பலருக்கு அதுவே முதல் அனுபவம்.

எல்லைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் திருத்திய வழிகாட்டலின்படி, நுண்துணிக்கையின் ஆண்டுச் சராசரி ஒரு கனமீற்றர் காற்றில் 5 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது. ஒரு நாளுக்கு 15. இலங்கையில் 2008ஆம் ஆண்டு வர்த்தமானியால் விதிக்கப்பட்ட தராதரம் ஆண்டுக்கு 25, நாளுக்கு 50. ஆகவே இலங்கைச் சட்டப்படி நல்ல காற்று என்று சொல்லப்படும் ஒன்று, உலக வழிகாட்டலின் ஐந்து மடங்காக இருக்கக்கூடும். நுண்துணிக்கைக்கு இந்த அளவுவரை பயமில்லை என்று கோடு கீற முடியாது என்பதே இன்றைய மருத்துவ அறிவு. கைத்தொலைபேசியில் வளித் தரச் சுட்டெண் பச்சையாக இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் குப்பைக்குத் தீ வைப்பதில் அர்த்தமில்லை. அந்தச் சுட்டெண் எங்கோ ஒரு கூரையிலுள்ள கருவியின் காற்றைச் சொல்கிறது, உங்கள் வளவுக் காற்றை அல்ல.

கேர்க் ஸ்மித் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980களின் தொடக்கத்திலேயே குஜராத் கிராமங்களின் குசினிகளுக்குள் அளவீட்டுக் கருவிகளைக் கொண்டுபோனவர். 2020இல் காலமாகும் வரை அவர் வற்புறுத்தி வந்த கருத்து எளிமையானது: ஒரு மூலத்திலிருந்து எவ்வளவு புகை வெளியேறுகிறது என்பதை மட்டும் பார்க்காதீர்கள், அதில் எத்தனை பங்கு மனித சுவாசப்பைக்குள் போகிறது என்று பாருங்கள். உயர்ந்த ஆலைப் புகைபோக்கி விடும் ஒரு கிலோகிராம் துணிக்கையில் மனிதர் சுவாசிப்பது மிகச் சொற்பம். குசினிக்குள் எழும் அதே ஒரு கிலோகிராமில் மனிதர் சுவாசிக்கும் பங்கு அதைப்போலப் பல நூறு மடங்கு. இந்தக் கருத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்து வீடொன்றைச் சுற்றி வந்தால், புகை மூலங்கள் வேறு ஒழுங்கில் தெரியத் தொடங்கும்.

முதலில் குசினி. பழைய யாழ்ப்பாணத்து வீடுகளில் குசினி வீட்டோடு ஒட்டாமல், முற்றத்துக்கு அப்பால் தனியே இருந்தது. அடுப்புக்கு மேலே புகைக்கூடு எழுப்பப்பட்டிருக்கும். பிற்காலத்தில் இடம் சுருங்கி, வீடும் குசினியும் ஒரே கூரைக்குக் கீழே வந்தன. விறகு மட்டும் போகவில்லை. காஸ் அடுப்பு வைத்திருக்கும் வீட்டிலும் சோறு வடிக்கவும் சுடுதண்ணீர் வைக்கவும் மூலையில் விறகடுப்பு எரியும். 2022இன் பொருளாதார நெருக்கடியில் சிலிண்டருக்கு வரிசையில் நின்று அலுத்த வீடுகள் பல விறகுக்குத் திரும்பின. பனைமட்டையும் பாளையும் பொச்சுமட்டையும் மறுபடி அடுப்புக்கு வந்தன. தாய் அடுப்பூதும்போது கைக்குழந்தை இடுப்பில் இருக்கும். அடுப்பிலிருந்து ஓர் அடி தள்ளி நிற்கும் தாயும், அதே ஓர் அடியில் இருக்கும் குழந்தையும் ஒரே புகையைத்தான் சுவாசிக்கிறார்கள். குழந்தை இரண்டு மடங்குக்கு மேல் வேகமாகச் சுவாசிக்கிறது.

அடுப்பை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் சான்று அவ்வளவு இலகுவாக இல்லை. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் ஏறத்தாழ 3,200 கர்ப்பிணிகளைச் சேர்த்து நடத்தப்பட்ட பெரிய ஆய்வொன்றில், அரைவாசி வீடுகளுக்கு காஸ் அடுப்பும் எரிவாயுவும் இலவசமாகக் கொடுக்கப்பட்டன. இந்தியப் பகுதி நமக்கு எதிர்க்கரையில், தமிழ்நாட்டின் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களில் நடந்தது. விறகோடு இருந்த கர்ப்பிணிகள் சுவாசித்த நுண்துணிக்கை 70 மைக்ரோகிராம் அளவில் இருக்க, காஸ் பெற்றவர்கள் சுவாசித்தது 24 அளவிலேயே இருந்தது. ஆயினும், 2024இல் வெளியான முடிவின்படி, குழந்தைகளின் முதல் வயதில் கடும் நியூமோனியா குறையவில்லை. இதைக் காட்டி அடுப்புப் புகை ஒன்றும் செய்யாது என்று வாதிடுவது தவறு. 24 என்பதும் உலக வழிகாட்டலைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு. பக்கத்து வீட்டு அடுப்பும் தெருக் குப்பையும் எரிந்துகொண்டுதான் இருந்தன. நியூமோனியாவுக்குப் போசாக்கும் கிருமியும் தடுப்பூசியும் என்று வேறு வாசல்களும் உண்டு. ஒரு வீட்டின் ஒரு புகையை மட்டும் நிறுத்துவது போதாது, சுற்றாடலின் புகை முழுவதும் இறங்க வேண்டும் என்றே நான் இதை வாசிக்கிறேன்.

அறைக்குள் எரியும் சிறிய புகைகள் பற்றி நாம் பேசுவதே இல்லை. மழைக்காலம் முடியும்போது டெங்கு கூடும். கதவு யன்னல்களை அடைத்துவிட்டு, கட்டிலுக்குக் கீழே நுளம்புத்திரி கொளுத்தி வைப்போம். ஒரு திரி முழுதாக எரிந்து முடிகையில் வெளிவிடும் நுண்துணிக்கை 75 முதல் 137 வரையான சிகரெட்டுகளுக்குச் சமமாக இருக்கலாம் என்று ஆசிய நாடுகளில் விற்கப்படும் திரிகளை அளந்த ஆய்வொன்று 2003இல் கண்டது. டெங்குவுக்கு அஞ்சுவது நியாயம். அதற்கு நுளம்பு வலை இருக்கிறது, அது புகைவதில்லை. குழந்தையைத் தலைமுழுக வார்த்தபின் தலை உலரச் சாம்பிராணிப் புகை காட்டுவதும் அப்படித்தான். அந்த மணம் எத்தனையோ பேருக்குத் தாய்வீட்டு நினைவு என்பதை அறிவேன். பிறந்து இருபது நாளான குழந்தையின் முகத்துக்கு ஒரு சாண் கீழே தணல் சட்டியைப் பிடிக்கும்போது, சிற்றறைகள் அரும்பிக்கொண்டிருக்கும் வேளையில் அந்தப் புகை உள்ளே போகிறது என்பதையும் சேர்த்து அறிந்திருக்க வேண்டும். துவாயால் ஒற்றினாலே தலை உலரும்.

புகையிலைத் தோட்டமுள்ள ஊர்களில் இன்னொரு புகை உண்டு. வெட்டி வாட்டிய புகையிலையைக் குடிலுக்குள் தொங்கவிட்டு, பொச்சுமட்டையை மூட்டிப் புகை போடுவார்கள். வேலை நுணுக்கமானது, சுவாலை எழாமல், புகை மட்டும் எழும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். சுவாலை குறைந்து புகை கூடுவது என்றால் எரிதல் முழுமையடையவில்லை என்றே பொருள். நுண்துணிக்கையும் காபனோரொட்சைட்டும் மிக அதிகமாக எழுவது அப்போதுதான். குடில் பெரும்பாலும் வீட்டு வளவுக்குள்ளேயே இருப்பதால், பிள்ளைகள் அதைச் சுற்றித்தான் விளையாடுகிறார்கள்.

வாகனப் புகைக்கும் யாழ்ப்பாணத்தில் ஒரு வரலாறு இருக்கிறது. 1990இன் பின் பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோல் கிடைக்காமல், மோட்டார் சைக்கிள்களும் பழைய கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் வருபவர் கண் எரிய ஒதுங்குவார். அந்த வீதிகளில் பாடசாலை போன பிள்ளைகள் இன்று நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய சுவாசப்பைகள் உச்சத்துக்கு வளர்ந்த ஆண்டுகள் அவை. இப்போது எரிபொருள் மாறியிருக்கிறது, வாகனங்களின் தொகையோ பெருகியிருக்கிறது. பாடசாலை விடும் நேரத்தில் வாசலில் நின்றால் விளங்கும்: ஓட்டோக்களும் வான்களும் மோட்டார் சைக்கிள்களும் இயந்திரத்தை நிறுத்தாமல் உறுமிக்கொண்டு நிற்க, அவற்றின் புகைக்குழாய்கள் இருக்கும் உயரத்தில் முதலாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக வெளியே வருகிறார்கள். சாவியைத் திருப்பி நிறுத்த ஒரு செக்கன்தான் எடுக்கும்.

நோய் வந்த பிள்ளையை எப்படி அறிவது என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. பிள்ளை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை உயர்த்தி, நெஞ்சும் வயிறும் எழுந்து இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், பன்னிரண்டு மாதம் வரையான குழந்தைக்கு 50 அல்லது அதற்கு மேல், ஐந்து வயது வரையான பிள்ளைக்கு 40 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேக மூச்சு. வைத்தியரிடம் காட்ட வேண்டும். மூச்செடுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, குழந்தை பால் குடிக்க முடியாமல் களைத்தாலோ விடியும்வரை காத்திருக்கலாகாது.

தொய்வுள்ள பிள்ளைக்கு வைத்தியர் எழுதிக் கொடுக்கும், மருந்தை மூச்சோடு உள்ளே இழுக்கும் பம் பற்றி நம்மிடையே ஒரு பயம் நிலைத்திருக்கிறது. “பம்மைப் பழக்கினால் பிறகு அது இல்லாமல் பிள்ளையால இருக்கேலாது எண்டு சொல்லுகினம்” என்று சொல்லி, வாங்கிய மருந்தை அலுமாரிக்குள் வைத்துவிட்ட தாய்மாரை நான் சந்தித்திருக்கிறேன். உண்மை நேர்மாறானது. வாயால் விழுங்கும் மருந்து உடல் முழுவதும் போகிறது. பம் மருந்து மிகச் சிறிய அளவில் நேரே குழாய்ச் சுவருக்குப் போகிறது. முட்டு வந்த நேரம் தசையைத் தளர்த்தும் பம் ஒன்று, அழற்சியை அடக்கி முட்டு வராமலே தடுக்கும் பம் இன்னொன்று. இரண்டாவதை முட்டில்லாத நாட்களிலும் வைத்தியர் சொன்னபடி பாவிப்பதுதான் பிள்ளையைப் பாடசாலையிலும் மைதானத்திலும் வைத்திருக்கும். பெண்பிள்ளைக்குத் தொய்வு என்று தெரிந்தால் நாளைக்குக் கலியாணம் பேசும்போது சிக்கல் என்று மறைத்து வைக்கும் வழக்கமும் இருக்கிறது. மறைத்த நோய்க்கு மருந்து போய்ச் சேர்வதில்லை. புகை மட்டும் தவறாமல் போய்ச் சேர்கிறது.

திறந்த வெளியில் குப்பை எரிப்பதும், குறிப்பாகப் பிளாஸ்ரிக் எரிப்பதும் 2017 செப்டெம்பர் முதல் இலங்கையில் தடைசெய்யப்பட்டிருக்கின்றன. சட்டம் இருக்கிறது என்பதை அறிந்தவர்களே எரிக்கிறார்கள், ஏனெனில் குப்பை வண்டி வராத ஒழுங்கையில் அவர்களுக்கு வேறு வழி காட்டப்படவில்லை. சொப்பிங் பையும் லஞ்ச் சீற்றும் யோகட் கோப்பையும் சருகோடு சேர்ந்தே கூட்டப்படுகின்றன, சேர்ந்தே எரிகின்றன. டெங்கு ஒழிப்புச் சிரமதானத்தின் முடிவில் மைதானத்து மூலையில் குவித்த குப்பைக்குத் தீ மூட்டப்பட, பிள்ளைகள் சுற்றி நின்று பார்ப்பதை நான் ஒரு பாடசாலையில் கண்டிருக்கிறேன். நல்ல நோக்கத்தோடு பிள்ளைகளைக் கூட்டி, ஒரு நோயிலிருந்து காப்பாற்றப்போய், அதே பிள்ளைகளின் நெஞ்சுக்குள் இன்னொன்றை அனுப்பினோம். அந்தச் சிரமதானத்தை ஒழுங்கு செய்தவர்களில் நானும் ஒருவன். தீ வைக்க வேண்டாம் என்று சொல்ல அன்று எனக்குத் தோன்றவில்லை.

சருகுக்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு வழி இருந்தது. குடாநாட்டுத் தோட்டக்காரர் பூவரசங்குழையையும் பனையோலையையும் தறைக்குள் தாழ்த்தி உரமாக்கினார்கள். குழை தாழ்ப்பது பயிர்ச்செய்கையின் ஒரு படியாகவே இருந்தது, எரிப்பது நட்டம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சிரமதானத்துக்குப் பிறகு எங்கள் வளவில் வாழைப் பாத்தியின் பக்கத்தில் இரண்டடி நீளம், இரண்டடி அகலம், முழங்கால் ஆழத்தில் ஒரு கிடங்கு வெட்டினோம். காலையில் கூட்டும் சருகு அதற்குள் போகிறது. பொலித்தீன் முதலிலேயே பிரித்தெடுக்கப்பட்டுச் சாக்கில் சேர்கிறது. மேலே ஒரு வாளி தண்ணீரும் இரண்டு மண்வெட்டி மண்ணும் போடுவோம். நிறைய ஏறத்தாழ ஒரு மாதம் செல்லும். நிறைந்ததும் மூடிவிட்டு, அடுத்த வாழைக்குப் பக்கத்தில் அடுத்த கிடங்கு.